ஜாதி நாய்

நம் பக்கத்தில் ‘ஜாதி நாய்’ என்று ஒரு சொல் வழங்குகிறது. விலை கொடுத்து வாங்கி, சங்கிலி போட்டு, இன்ன தாய்க்கும் இன்ன தகப்பனுக்கும் பிறந்தது என்று சொல்லி வளர்க்கிற நாய்க்கு அந்தப் பெயர். மற்றதெல்லாம் வெறும் நாய். திருத்தணி மலைக்கு ஏறுகிற 365 படிகளில், நிழல் விழுந்த இடமாகப் பார்த்துச் சுருண்டு கிடக்கும் நாய்களுக்கு ஜாதி கிடையாது. ஆடிக் கிருத்திகை அன்று காவடிகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ஒருவர் ஒரு பிடி பிரசாதம் போடுகிறார். இன்னொருவர் காலால் ஒதுக்குகிறார். இரண்டையும் ஒரே பொறுமையோடு அவை ஏற்றுக்கொள்கின்றன.

இந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. மனிதனை அளப்பதற்கு நாம் வைத்திருந்த பொல்லாத கோலையே எடுத்து நாயையும் அளந்திருக்கிறோம். வெள்ளைக்காரன் இன்னும் ஒரு படி மேலே போனான். தமிழ்நாட்டு மக்களில் ஒரு சமூகத்தாருடைய பெயரை எடுத்துத் திரித்து, அதை நம் தெரு நாய்க்கு வைத்து, அகராதியிலும் ஏற்றிவிட்டான். கேட்கும்போது கோபம் வருகிறது. ஆனால் அந்தப் பாடத்தை அவன் தன் ஊரிலிருந்து கொண்டுவரவில்லை. இங்கே வந்து நம்மிடம்தான் படித்தான் என்பதை நினைக்கும்போது கோபம் வெட்கமாக மாறிவிடுகிறது.

ஆனாலும் சொல் தவறாக இருப்பதால் அந்தப் பொருளைப் பற்றிய கேள்வி இல்லாமல் போய்விடாது. உயர்ந்த இன நாய்க்குட்டி ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கலாமா? இது ஒரு தர்மப் பிரச்னையா என்று சிலர் சிரிக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், என் நண்பர் ஒருவரின் வீட்டில் இதைப் பற்றித் தகப்பனும் மகனும் மூன்று நாள் பேசாமல் இருந்ததைப் பார்த்திராவிட்டால்.

நண்பருக்குப் பொன்பாடிப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 ஆம் தேதி திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது; ஆனால் அவர் வீட்டுப் பேச்சு இன்றும் தெலுங்குதான். தோப்பில் காய் திருட்டு அதிகம். காவலுக்கு ஒரு ராஜபாளையம் குட்டி வாங்குவது என்று அவர் முடிவு செய்தார். காலேஜில் படிக்கும் மகன் குறுக்கே நின்றான். “தெருவுக்குத் தெரு குட்டிகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுக் காசு கொடுத்து ஓர் உயிரை வாங்குவது பாவம், அப்பா” என்றான். “நம் தாத்தா காலத்திலிருந்து மாடு வாங்குகிறோமே, அது பாவமில்லையா?” என்று இவர் கேட்டார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

மாட்டுக் கணக்கு வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. மாடு வாங்குகிறவனைக் கட்டுப்படுத்த அவனுடைய சுயநலமே போதும். பட்டினி போட்டால் பால் குறையும், ஏர் நிற்கும். நாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது வேலை செய்கிறதோ இல்லையோ, அதைக் கைவிடுகிறவனுக்குக் காசில் ஒரு நஷ்டமும் கிடையாது. ஆசைக்கு வாங்கின குட்டி ஆறு மாதத்தில் வளர்ந்துவிடுகிறது. வீடு மாற்றல் ஆகிறது. நாயை வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊர்ச் சத்திரத்தருகே இறக்கிவிட்டு வருகிறார்கள். கழுத்தில் பட்டையின் தழும்போடு தெருவில் திரியும் ‘ஜாதி நாய்’களைப் பார்க்காதவர் யார்? ஆகவே மகன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அது முழு நியாயமா என்பது வேறு.

நண்பர் முதலில் ஒரு பெரிய நகரத்துச் சந்தைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அங்கே ஒருவன் மூங்கில் கூடையில் குட்டிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராஜபாளையம் என்றான், இன்னும் இரண்டு மூன்று இனங்களின் பெயரையும் அதே கூடைக்குச் சொன்னான். குட்டிகளுக்கு ஒரு மாதம்கூட ஆகியிராது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, காலியான தட்டை நக்கிக்கொண்டிருந்தன. “தாய் எங்கே?” என்று கேட்டேன். “ஊரில் இருக்கிறது” என்றான். எந்த ஊர் என்று கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை, விலையைக் குறைத்தான்.

நண்பர் இளகின மனசுக்காரர். அவருடைய கை ஜேபிக்குப் போய்விட்டது. “வாங்காவிட்டால் இது நாளைக்குச் செத்துப்போகும்” என்றார். செத்துத்தான் போகும். அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குட்டிக்காக அவர் தருகிற பணம் எங்கே போகும்? எங்கோ ஓர் இருட்டறையில் கட்டிக் கிடக்கும் அதன் தாயை அடுத்த முறையும் சினையாக்கத்தான் போகும். இரக்கம் ஒரு குட்டியைக் கூடையிலிருந்து எடுக்கும். அதே இரக்கம் அடுத்த கூடைக்கு முன்பணமும் கட்டிவிடும். இதுதான் இந்த விஷயத்தில் உள்ள பெரிய சங்கடம். கல் நெஞ்சுக்காரனால் இந்த வியாபாரம் நடக்கவில்லை, நல்லவர்களால்தான் நடக்கிறது. கையை எடுக்கும்படி நான் நண்பரிடம் சொன்னேன். எடுத்தார். திரும்பி வரும்போது இருவரும் ஒன்றும் பேசவில்லை. சரியான காரியத்தைச் செய்தபோது மனம் லேசாகும் என்று சொல்கிறார்களே, அன்று எங்களுக்கு அப்படி ஆகவில்லை.

ஒரு மாதக் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பதில் என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். பால் குடி மறந்துவிட்டால் போதாதா என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளைக் கவனித்து 1965 இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரையில்தான் குட்டி தன் இனத்தோடும் மனிதனோடும் உறவு கொள்ளப் பழகுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைத் தன்னோடு பிறந்தவற்றிடமிருந்தும் தாயிடமிருந்தும்தான் அது கற்றுக்கொள்கிறது. அந்த நாட்களைக் கூடையில் கழித்த நாய் பிறகு காரணமில்லாமல் பயப்படும், பயத்தினால் கடிக்கும். ‘புத்தி கெட்ட நாய்’ என்ற பட்டம் அதற்குத்தான் வரும், கூடைக்காரனுக்கு வராது.

பிறகு ஒரு நாள், ராஜபாளையத்திலேயே தலைமுறையாக இந்த நாய்களை வளர்க்கும் பெரியவர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, பொதிகை எக்ஸ்பிரஸில் போனோம். பஞ்சாலைகளும் மாந்தோப்புகளும் நிறைந்த ஊர், மேற்கே மலை. அங்குள்ள ராஜுக்களும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதால் நண்பருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இரண்டு தெலுங்குக்கும் நடுவே நாலைந்து தலைமுறைக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தாலும் பேச்சு நடந்தது. அதைத் தமிழில் தருகிறேன்.

பெரியவர் விலையைச் சொல்லவில்லை. தாயைக் காட்டினார். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. எங்களைப் பார்த்து உறுமிவிட்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டது. குட்டிகளுக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது. அவை தின்றுகொண்டிருந்தபோது, அவர் பின்பக்கமாகப் போய் ஓர் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போட்டார். ஐந்து குட்டிகள் திடுக்கிட்டுத் திரும்பின. ஆறாவது தின்றுகொண்டே இருந்தது. ஆறிலும் அதுதான் வெண்மையில் மாசு மறுவற்றது.

“இதற்குக் காது கேட்காது” என்றார் பெரியவர். “வெள்ளை வெள்ளை என்று எங்கள் பாட்டன்மார் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தார்கள். வெள்ளை வந்தது, கூடவே இதுவும் வந்தது.”

அவர் அனுபவத்தில் சொன்னதற்கு விஞ்ஞானம் காரணம் சொல்கிறது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கிற அணுக்கள் உட்செவியிலும் இருக்க வேண்டும்; ஒலியை வாங்கும் நுண்ணிய பகுதி உயிரோடு இருப்பதற்கு அவை தேவை. நிறத்தை அடியோடு துடைக்கும் வம்சங்களில் சில குட்டிகளின் செவிக்கு அந்த அணுக்கள் போய்ச் சேர்வதில்லை. பிறந்த சில வாரங்களுக்குள் அந்தப் பகுதி பட்டுப்போகிறது. வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்களிலும் இதே குறை உண்டு. ஒரு காது மட்டும் கேளாத குட்டியை டம்ளர் சத்தத்தால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மூளையின் மின்னசைவைப் பதிவு செய்யும் கருவி வேண்டும். சுத்தம் என்று எதையோ நினைத்துக்கொண்டு மனிதன் நெடுங்காலம் பொறுக்கினான். அதன் கூலியைச் செவிட்டுக் குட்டி கொடுக்கிறது.

“இதை என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

“விற்க மாட்டேன். இங்கேயே கிடக்கும். முன்னெல்லாம் இப்படிப் பிறந்ததை வைத்துக்கொள்ள மாட்டார்கள்” என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. தாய்க்கு அடுத்த முறை வேறு ஆண் நாயைப் பார்க்கப் போவதாகவும் சொன்னார்.

பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? தோப்பில் நாய்க்கு நிழல் எங்கே? கிணற்றுக்குச் சுவர் உண்டா? கட்டிப் போடுவதாக உத்தேசமா, அவிழ்த்து விடுவதாக உத்தேசமா? கடைசியாக, “இதற்கு முன்னால் நாய் வளர்த்திருக்கிறீர்களா, தம்பி? அது எப்படிச் செத்தது?” என்றார். நண்பர் சற்றுத் தயங்கி, “ஊருக்குப் போயிருந்தபோது எங்கேயோ போய்விட்டது” என்றார். பெரியவர் தலையை ஆட்டினார். “இந்த ஈற்றில் வேண்டாம், தம்பி. கிணற்றுக்குச் சுவர் எழுப்புங்கள். அடுத்த ஈற்றுக்கு வாருங்கள். ஒருவேளை வைத்துக்கொள்ள முடியாமல் போனால் எனக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேறு யாருக்கும் தரக்கூடாது. அதற்குச் சம்மதமானால் வாருங்கள்” என்றார்.

வரும் வழியெல்லாம் நண்பர் பொருமினார். “பணம் கொடுக்கிறவன் நான். என்னை விசாரிக்க இவர் யார்?”

இந்தக் கேள்வியை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். சாதாரணமாக ஒரு வியாபாரத்தில் இரண்டு பேர்தான். விற்கிறவன் பொருளைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. வாங்குகிறவன் பணத்தைக் குறைக்கக்கூடாது. அத்தோடு தர்மம் முடிந்துவிடுகிறது. உயிரை விற்கும்போது மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் இருக்கிறார். பேரம் அவரைப் பற்றியது. அவருக்குத்தான் வாய் இல்லை. பெண் கொடுக்கிற வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்கிறார்கள். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. பெண்ணுக்காவது பேச வாய் இருக்கிறது, அழுதுகொண்டு திரும்பிவரத் தாய்வீடு இருக்கிறது. நாய்க்கு அந்த இரண்டையும் யாராவது கொடுக்க வேண்டும். பெரியவர் செய்தது அதுதான். கேள்வி கேட்டபோது அதன் வாயாக இருந்தார். திருப்பிக் கொடு என்றபோது அதற்குத் தாய்வீட்டை வைத்தார். கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னி நாயை முன்பெல்லாம் விற்பதில்லை, நன்றாகக் காப்பாற்றுவதாக வாக்கு வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள், பெண்ணுக்குச் சீராகவும் அனுப்புவார்கள் என்று அங்கே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வழக்கத்தின் சாரம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மிருக வதைத் தடைக்காக ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் 1953 இல் தனி மசோதா கொண்டுவந்தார். 1960 இல் சட்டம் வந்தது. 1962 இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். நாய் வளர்த்து விற்பவர்களுக்கென்று 2017 இல் தனி விதிகள் ஏற்பட்டன. விற்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பெண் நாய் 18 மாதம் ஆகாமல் சினைப்படக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல், ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. ஒவ்வொன்றும் நல்ல விதி. ஆனால் விதி எந்தக் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்க்கும்? நம் நாட்டு இனங்களைக் காப்பதற்காகச் சென்னை சைதாப்பேட்டையில் அரசாங்கமே ஒரு நாய் இனப்பெருக்க நிலையம் நடத்திவந்தது. அங்கே பிராணிகளின் நலம் சரியாகப் பேணப்படவில்லை என்று வழக்கு வந்து, அதை மூடும்படி 2016 இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. கடைசியில், தாயை நேரில் பார்க்கிற சந்தர்ப்பம் இன்ஸ்பெக்டருக்கு எப்போதோ ஒருமுறை. வாங்குகிறவனுக்கோ ஒவ்வொரு முறையும். தாயைக் காட்டாதவனிடம் வாங்குவதில்லை என்று அவன் உறுதியாக நின்றால் பாதிக் கூடைகள் காலியாகிவிடும்.

பெரியவரும் பணம் வாங்குகிறவர்தானே, அவருக்கும் கூடைக்காரனுக்கும் என்ன வித்தியாசம் என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. விலையில் வித்தியாசம் இல்லை. பெரியவர் மூன்று மடங்கு கேட்கிறார். சான்றிதழிலும் இல்லை, காகிதம் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். விலை போகாத குட்டியை என்ன செய்கிறான் என்பதில்தான் வித்தியாசம். ஐந்து குட்டிகளை எல்லோரும் நன்றாகத்தான் வைத்துக்கொள்வார்கள், அவை பணம். அந்த ஆறாவது குட்டி இருக்கிறதே, ஒருவனுடைய தர்மத்தைக் காட்டுவது அதுதான். வாங்குகிறவனுக்கும் இதே பரீட்சை உண்டு. காவல் காக்கிற வரையில் யாரும் சோறு போடுவார்கள். பத்து வருஷம் கழித்துக் கண் பூத்து, இடுப்பு விழுந்து, திருடன் வந்தாலும் எழுந்திருக்க முடியாத நாயை என்ன செய்வான்? “அது எப்படிச் செத்தது?” என்று பெரியவர் கேட்டது அதற்காகத்தான்.

அப்படியானால் தெருக் குட்டியின் கதி? துணைக்கு ஒரு ஜீவன் வேண்டும் என்பவன் ராஜபாளையத்துக்கு ரயில் ஏற வேண்டியதில்லை, மலைப்படியிலேயே தேர்ந்துகொள்ளலாம். காவலுக்குக்கூட அது குறைந்ததல்ல. ஆனால் இனாமாக வந்தது என்பதால் கடமையும் இனாமாகிவிடாது. தடுப்பூசியும், நிழலும், கிணற்றுச் சுவரும் அதற்கும் அவ்வளவே வேண்டும். தெருக் குட்டியை எடுத்துவந்து மூன்று மாதத்தில் திரும்பத் தெருவில் விடுகிறவன், விலை கொடுத்து வாங்கியவனைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல உரிமை உடையவன் அல்ல.

இனங்கள் அழிந்துபோகட்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ராஜபாளையம் நாய் காட்டுப் பன்றி வேட்டைக்காக உருவானது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை இல்லை. நாய்க்கு வேலை போய்விட்டது. 2005 இல் அதன் படத்தைத் தபால் தலையில் அச்சிட்டுக் கௌரவித்தார்கள். தபால் தலையில் வம்சம் வளராது. விரும்பி வளர்க்கிற சில வீடுகளில்தான் அது பிழைக்க வேண்டும். ஆனால் எதை விரும்புகிறோம் என்பது முக்கியம். வெள்ளையை மட்டும் விரும்பினால் செவிடு வரும்; ஆரோக்கியத்தையும் குணத்தையும் விரும்பினால், சற்று நிறம் மங்கினாலும் நாய் நாயாக இருக்கும். மனிதர்களிடையே ஜாதிச் சுத்தம் பேசுகிறவர்களும் இந்தச் செவிட்டுக் குட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நல்லது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 1,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் மாட்டு மந்தையைக் காத்து இறந்தான். அவனருகில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரை அது கடித்ததைத் தனியாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். அது என்ன ஜாதி என்று கல்லில் இல்லை. யார் விற்றார், என்ன விலை என்பதும் இல்லை. எழுத்து வெட்டியவனுக்கு அவை தேவையாகத் தோன்றவில்லை. அந்த நாயை ஒருவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்தான், அது அவனோடு கடைசி வரையில் இருந்தது என்பது மட்டும் அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.